கியர் டி-க்கு மாத்தி ஆக்சிலேட்டர் மிதிச்சா வண்டி உடனே எடுக்க மாட்டேங்குது, ஆட்டோமேட்டிக் ஓட்டுறவங்க கொஞ்சம் சொல்லுங்க

கருங்கல் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கருங்கல் பக்கம், வேலைக்கு தினம் திங்கள்சந்தை வழியா நாகர்கோவில் போய்ட்டு வாறேன். வண்டி சின்ன ஹேட்ச்பேக், பெட்ரோல், ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாத ஒரு வகை ஆட்டோமேட்டிக்). செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுதான், 40,000 கிலோமீட்டர் தாண்டி ஓடியிருக்கு. மொத ஓனர் நல்லாத்தான் வச்சிருந்தாரு, வாங்கும்போ ஒரு கொறையும் தெரியல.

இப்ப என்னன்னா, ரிவர்ஸ் (ஆர்) எடுத்துட்டு முன்னாடி போறதுக்கு டி போட்டு ஆக்சிலேட்டர் மிதிச்சா வண்டி அப்பிடியே நிக்குது. இஞ்சின் சத்தம்கூட ஏற மாட்டேங்குது. பொறவு திடீர்னு ஒரு தள்ளு தள்ளிட்டு கிளம்புது. சிக்னல்ல நின்னு எடுக்கும்போதும் சிலநேரம் இதே கததான். ஆனா எப்பவும் கெடையாது, ஒருநாள் ஒழுங்கா போவும், மறுநாள் படுத்தும், அதான் எனக்கு ஒண்ணும் வெளங்கல. வில்லுக்குறி பக்கம் மெயின் ரோட்டுல ஏறுறதுக்கு நின்னேன், பஸ் தூரத்துலதான் வருது நமக்கு நேரம் இருக்குன்னு பாத்து மிதிச்சா வண்டி மூக்க மட்டும் ரோட்டுக்குள்ள நீட்டிட்டு நிக்குது, பஸ்காரர் ஹார்ன அமுக்கிட்டே வாறாரு, கை காலெல்லாம் வெறச்சுப் போச்சு. பின்சீட்டுல என் பையன் இருந்தான்.

சர்வீஸ் சென்டர்ல காட்டுனேன். ஒருத்தர் ஏஎம்டின்னா இப்பிடித்தான் மேடம் இருக்கும்னு சொல்லுதாரு, இன்னொருத்தர் கிளட்ச் செட்டு மொத்தமா மாத்தணும்னு ஒரு பெரிய தொகைய எழுதித் தந்தாரு. யாரு சொல்றத நம்புறது?

பைய போவோம்:
டீச்சர், ஏஎம்டில கொஞ்சம் லேட் ஆகும்ங்கிறது உண்மைதான். அது தனி கியர்பாக்ஸ் ஒண்ணும் இல்ல, சாதா மேனுவல் பாக்ஸ், சாதா கிளட்ச், நம்ம காலும் கையும் செய்யிற வேலைய ஆக்சுவேட்டர்னு ஒரு கருவி செய்யுது அவ்வளவுதான். நம்ம நாட்டுல 2014-ல மாருதி செலேரியோவுக்கு அப்பொறம்தான் இது பரவலாச்சு. ஒவ்வொரு கியர் மாறும்போதும் கிளட்ச் விலகணும், பழைய கியர் கழரணும், புதுசு விழணும், திரும்ப கிளட்ச் சேரணும், அவ்வளவு நேரமும் வீலுக்கு பவரே போகாது. அதான் தலை முன்னாடி போய் பின்னாடி வரும். ஒண்ணுலேருந்து ரெண்டு மாறப்போற நேரத்துல ஆக்சிலேட்டர்லேருந்து கால லேசா தூக்குங்க, அந்த ஆட்டம் பெருசா தெரியாது. ஓட்ட ஓட்ட காலுக்கே பழகிரும்.

ரப்பர்காடு:
எங்க குலசேகரம் பக்கம் ஏத்தம் எறக்கம் நெறையா. என்ன கேட்டா ஆட்டோமேட்டிக்கே வேண்டாம்னுதான் சொல்லுவேன். பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு ரோட்டுல வளைவுல ஏத்தத்துல கியர் மாத்த நின்னா வண்டி பின்னாடி உருளுது. வித்துட்டு மேனுவல் எடுங்க டீச்சர், நிம்மதி.

கேப் ரோடு அண்ணாச்சி:
தம்பி ரப்பர்காடு, அப்பிடி சொல்லாதீங்க. நான் டாக்ஸி ஓட்டுதேன், ரெண்டு வண்டியும் கையில இருக்கு. களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரைக்கும் ஒண்ணு ரெண்டு ஒண்ணு ரெண்டுன்னு போற டிராஃபிக்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு முட்டு வலி வந்தவனுக்குத்தான் ஆட்டோமேட்டிக் அருமை தெரியும். ஏத்தத்துல உருளுறதுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கு, போட்டு பிடிச்சு கிளம்புங்க. ஆக்சிலேட்டர லேசா மிதிச்சே வண்டிய ஏத்தத்துல நிறுத்தி வைக்கிறவங்கதான் கிளட்ச கருக்குறது. மார்த்தாண்டம் பாலத்துல ஏறும்போ முன்னாடி வண்டி நின்னா பாருங்க, பாதிப்பேரு அப்பிடித்தான் நிக்காங்க, கருகுன வாடை ஏசி வழியா உள்ளயே வரும்.

டீச்சர், உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும். ஒண்ணு, ஆர்-லேருந்து டி போடும்போ வண்டி சுத்தமா நிக்குதா, பிரேக்க முழுசா மிதிச்சிருக்கீங்களா? கொஞ்சம் உருண்டுட்டு இருக்கும்போ மாத்துனா அது கியர எடுக்காது. டிஸ்பிளேல ஒண்ணுன்னு நெலையா நிக்கணும், மின்னிட்டு இருந்தா இன்னும் விழலன்னு அர்த்தம். ரெண்டாவது, ரெண்டு காலு வச்சு ஓட்டுறீங்களா? எடது காலு பிரேக் மேல லேசா இருந்தாலே போதும், வண்டி எடுக்காது.

கருங்கல் டீச்சர்:
அண்ணாச்சி, ஒரு காலுதான். எடது காலு ஓரத்துல அந்த மிதியடி மேலதான் இருக்கும், டிரைவிங் சொல்லித்தந்தவர் மொத நாளே சொன்னது. வண்டி சுத்தமா நின்ன பொறவுதான் மாத்துதேன். டிஸ்பிளேல ஒண்ணு வந்துருது, மின்னல. வந்த பொறவும் எடுக்க மாட்டேங்குது.

தக்கலை மெக்கானிக்:
ராத்திரிதான் பாத்தேன். டீச்சர் மொத போஸ்ட்லயே ஒரு வரி எழுதியிருக்காங்க, யாரும் அத கவனிக்கல. "இஞ்சின் சத்தம்கூட ஏற மாட்டேங்குது". இதுதான் முக்கியம்.

கிளட்ச் தேஞ்சு போயிருந்தா என்ன நடக்கும்? மிதிச்சா இஞ்சின் சத்தம் ஏறும், ஆர்பிஎம் முள்ளு மேல போவும், வண்டி அந்த அளவுக்கு போவாது. அதுதான் ஸ்லிப். ஏத்தத்துல மூணு நாலு கியர்ல இன்னும் நல்லா தெரியும். உங்க வண்டில மிதிச்சாலும் சத்தமே ஏறலன்னா இஞ்சினே ஏறாம நிக்குது, அதாவது ஏறாதேன்னு ஏதோ ஒண்ணு அதுக்கு சொல்லிட்டு இருக்கு. இப்ப உள்ள வண்டில ஆக்சிலேட்டருக்கு கேபிள் கெடையாது. பெடல்ல சென்சார் இருக்கு, அது கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும், கம்ப்யூட்டர்தான் இஞ்சினுக்கு காத்து விடுற திராட்டில திறக்கும். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒண்ணா மிதிபட்டிருக்குன்னு தெரிஞ்சா நெறைய வண்டில கம்ப்யூட்டர் பவர கொறச்சிரும், பாதுகாப்புக்கு வச்ச ஏற்பாடு. ஏஎம்டில இன்னும் ஒரு படி மேல, பிரேக் மிதிபட்டிருக்குன்னு சிக்னல் இருக்குற வரைக்கும் நின்ன வண்டில கிளட்ச சேக்காது.

நீங்க பிரேக்க விட்டுட்டீங்க. ஆனா வண்டிக்கு அது தெரியணும்லா?

பிரேக் பெடலுக்கு மேல, உள்ள தலைய குனிஞ்சு பாத்தா ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெடல் மேல வந்ததும் அது அமுங்கணும். அது ஒழுங்கா அமுங்கலன்னாலோ காண்டாக்ட் ஒட்டிக்கிட்டாலோ காலு எடுத்த பொறவும் பிரேக் மிதிபட்டதாவே வண்டி நெனச்சிட்டு இருக்கும். ஒருநாள் இருக்கு ஒருநாள் இல்லன்னு சொன்னீங்களே, அதும் இதோட ஒத்துப்போவுது. தேஞ்ச கிளட்ச் அப்பிடி நாள் பாத்து வேலை காட்டாது.

இன்னைக்கு ராத்திரி வீட்டுலயே பாருங்க. வண்டி பின்பக்கத்த காம்பவுண்டு சுவருக்கு நேரா நிறுத்துங்க, லைட்ட அணைச்சிருங்க, இஞ்சின் ஓடட்டும், கியர் என்-ல (நியூட்ரல்) இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் இழுத்து வச்சிருங்க. பையன பின்னாடி நிக்கச் சொல்லாதீங்க, சைடுல தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க. பிரேக்க மிதிச்சு மிதிச்சு விடுங்க, வேகமா ஒருதடவ, பையம்மா ஒருதடவ. காலு எடுத்த நிமிஷமே சுவருல செவப்பு அணையணும். கொஞ்சம் தங்கிட்டு அணைஞ்சாலோ அணையாமலே நின்னாலோ சுவிட்ச்தான். லைட் சரியா அணைஞ்சாலும் சுவிட்ச் நல்லதுன்னு முடிவுகட்டிராதீங்க, சில வண்டில லைட்டுக்கு ஒரு காண்டாக்ட், கம்ப்யூட்டருக்கு ஒரு காண்டாக்ட்னு ரெண்டு இருக்கும், அத வண்டி கம்ப்யூட்டர படிக்கிற ஸ்கேனர் போட்டுத்தான் பாக்கணும்.

இன்னொண்ணும் கவனிங்க. சமதளத்துல பிரேக்க விட்டதும் ஆக்சிலேட்டர் தொடாமலே வண்டி தானா ஊரும். அந்த கோளாறு வர்ற நேரத்துல ஊருதா இல்லையான்னு பாருங்க. பெடலுக்கு கீழ ரெண்டாவதா ஒரு மேட்டு போட்டிருந்தா அதையும் எடுத்துருங்க.

குளச்சல் கடல்காத்து:
பேட்டரிய விட்டுட்டீங்க அண்ணே. ஏஎம்டில ஆக்சுவேட்டர் மொத்தமும் கரண்டுலதான் ஓடுது. ஹைட்ராலிக் டைப்னா கதவத் திறந்த உடனே பம்ப் ஒரு சத்தம் போடும் பாருங்க, அது பிரஷர் ஏத்துறதுதான். பேட்டரி வீக்கா இருந்தா கியர் விழ லேட் ஆகும், என்-லயே நிக்கும், வார்னிங் லைட் எரியும். எங்க ஊருல உப்புக்காத்துல டெர்மினல் பச்ச பூத்துரும், செல்ஃப் அடிக்குதுல்லா அப்பொறம் என்னன்னு விட்டா பொறவு கஷ்டம். என் தங்கச்சி வண்டில டெர்மினல கழட்டி சுத்தம் பண்ணி இறுக்குனதுலயே பாதி தொல்லை போச்சு.

தக்கலை மெக்கானிக்:
கடல்காத்து சொல்றது சரி. ஆனா பேட்டரின்னா கியர் விழுறதுலதான் தடுமாறும். டீச்சருக்கு கியர் விழுந்துருது, டிஸ்பிளேல ஒண்ணு நெலையா நிக்குதுன்னு சொல்லிட்டாங்க. இருந்தாலும் பேட்டரிய செக் பண்ணுறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, லோடு போட்டு பாக்கச் சொல்லுங்க, சும்மா வோல்ட் மட்டும் பாத்தா தெரியாது.

வடசேரி டர்போ:
அண்ணே எனக்கும் ஒரு டவுட். என் வண்டி டர்போ பெட்ரோல், டிசிடி (ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்). காவல்கிணறுலேருந்து ஆரல்வாய்மொழி வழியா வரும்போ லாரிய ஓவர்டேக் பண்ண மிதிச்சா ஒரு கணம் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது, பொறவு பாஞ்சிட்டு போவுது. ஆக்சிலேட்டர் பெடல்ல மாட்டுற ரெஸ்பான்ஸ் பாக்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல விக்காங்க, மாட்டலாமா?

தக்கலை மெக்கானிக்:
மாட்டாதீங்க. அது பெடல் சிக்னல பெருசா காட்டும், அவ்வளவுதான், நீங்க பாதி மிதிச்சா முக்கால் மிதிச்சதா கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும். இஞ்சினுக்கு பவரும் கூடாது, கியர்பாக்ஸ் வேகமும் கூடாது. மழை நேரத்துல பைய கிளம்பணும்னு நெனச்சாலும் பாஞ்சிரும்.

உங்களுக்கு ரெண்டு லேட்டும் சேந்து வருது. டர்போ கம்மி ஆர்பிஎம்ல காத்து அடைக்காது, அது சுத்தி வேகம் எடுக்க கொஞ்சம் நேரம் வேணும். டிசிடில ரெண்டு கிளட்ச், ஒண்ணு ஒத்தப்படை கியருக்கு, ஒண்ணு ரெட்டப்படைக்கு. அஞ்சுல ஓடும்போ அடுத்து ஆறுதான்னு நெனச்சு அத தயாரா வச்சிருக்கும், நீங்க சடார்னு மிதிச்சதும் ஆற கழட்டி நால போடணும், அங்கதான் அந்த ஒரு கணம் போவுது. லாரிக்கு பின்னால வரும்போதே எம்-க்கு (நாமளே கியர் மாத்துற நெல) மாத்தி ஒரு கியர் கீழ எறக்கி வச்சுக்கிடுங்க, ரோடு தெளிஞ்சதும் மிதிச்சா உடனே போவும். டிரை கிளட்ச் (ஆயில்ல நனையாத கிளட்ச்) டிசிடியா இருந்தா நெரிசல்ல இஞ்ச் இஞ்சா ஊர விட்டு ஓட்டாதீங்க, முன்னாடி இடம் விழட்டும்னு நின்னுட்டு பொறவு எடுங்க. சூடுதான் அதுக்கு எதிரி.

கேப் ரோடு அண்ணாச்சி:
ஆரல்வாய்மொழில ஜூன் ஜூலை மாசம்னா வண்டிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. முப்பந்தல்ல அத்தன காத்தாடி சும்மாவா நிக்குது? கணவாய் வழியா வாற காத்து நமக்கு நேர் எதிர அடிக்கும். நாலு பேரு, லக்கேஜு, ஏசின்னு போனா எந்த ஆட்டோமேட்டிக்கும் மேல் கியர்ல நிக்காது, அஞ்சு நாலு அஞ்சு நாலுன்னு மாறிட்டே கெடக்கும். நான் அந்த இடத்துல நாலுல லாக் பண்ணிருவேன்.

சுசீந்திரம் சிவிடி:
எனக்கு சிவிடி. மிதிச்சா சத்தம் மொதல்ல ஏறும், வேகம் பின்னாடி வரும். அதுல கியர் பல்லே கெடையாது, பெல்ட்டும் ரெண்டு புல்லியும்தான், அதனால அது கோளாறு இல்ல, சுபாவம். மிதிய பையப் பைய கூட்டுனா நல்லா போவும். சிவிடிக்குன்னு உள்ள ஆயில்தான் ஊத்தணும், மத்த ஆட்டோமேட்டிக்குக்கு ஊத்துற சாதா ஆயில (ஏடிஎஃப்) ஊத்தி பாக்ஸ கெடுத்தவங்கள எனக்குத் தெரியும்.

குவைத் குமரி:
நல்ல இழை. எங்க அப்பா அழகியமண்டபத்துல பழைய டீசல் எஸ்யூவி வச்சிருக்காங்க, டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியா பவர் கடத்துற ஆட்டோமேட்டிக்). காலைல மொத தடவ ஆர் போட்டா ரெண்டு மூணு செகண்டு ஒண்ணும் இல்ல, பொறவு டொம்முன்னு ஒரு அடி. சூடான பொறவு சரியாயிரும். 1,10,000 ஓடிருச்சு, கியர் ஆயில் இதுவரைக்கும் மாத்தல, லைஃப்டைம் ஆயில்னு யாரோ சொல்லியிருக்காங்க. நான் இங்க இருந்துட்டு போன்லதான் கேக்கேன், அவங்களுக்கு வயசு 70 ஆச்சு, கவலையா இருக்கு.

தக்கலை மெக்கானிக்:
இது டீச்சர் கேஸ் மாதிரி இல்ல, இதுல பாக்ஸ்தான் பேசுது. டார்க் கன்வெர்ட்டர்ல டி, ஆர் எது போட்டாலும் ஒண்ணு ஒண்ணரை செகண்டுக்குள்ள பிடிச்சிரணும். பாக்ஸ் உள்ள கிளட்ச் பிளேட்ட அமுக்குறது ஆயில் பிரஷர். ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஆயில் கீழ வடிஞ்சு கெடக்கும், கெணத்து மோட்டார் போட்டதும் பைப்புல தண்ணி மேல வர கொஞ்சம் நேரம் எடுக்கும்லா, அதே கதைதான். ஆயில் லெவல் கொறஞ்சிருந்தாலோ உள்ள ரப்பர் சீல் வெறச்சுப் போயிருந்தாலோ அந்த நேரம் நீளும். ஆயில உள்ள பிரிச்சு அனுப்புற வால்வு பாடி, சோலினாய்டு எல்லாம் அதுக்கு அப்பொறம்தான் பாக்கணும்.

அப்பாகிட்ட மொதல்ல இத சொல்லுங்க. காலைல ஆர் போட்டுட்டு அது பிடிக்கிற வரைக்கும் பிரேக்குலயே காலு இருக்கட்டும், ஆக்சிலேட்டர தொடவே கூடாது. பிடிக்கலயேன்னு மிதிச்சு வச்சிருக்கும்போ அது சடார்னு பிடிச்சா வண்டி பின்னாடி பாயும். பாக்ஸுக்கு கேடுங்கிறது ஒருபக்கம், பின்னாடி ஆளு நின்னா என்னாகும்?

லெவல் பாக்குறது இஞ்சின் ஆயில் மாதிரி இல்ல. டிப்ஸ்டிக் இருக்குற வண்டின்னா சமதளத்துல, பாக்ஸ் சூடான பொறவு, பெரும்பாலும் இஞ்சின் ஓடிட்டு இருக்கும்போதே பாக்கணும், வண்டியோட தந்த புத்தகத்துல போட்டிருக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டி இப்ப நெறைய, அதுல கீழ பிளக்க கழட்டி ஆயில் சூட்ட அளந்துதான் பாக்கணும், அதுக்கு ஆளு வேணும். ஆயில் பெரும்பாலும் செவப்பாதான் இருக்கும். கறுத்து கருகுன வாடை வந்தா உள்ள பிளேட்டு எரிஞ்சிருக்கு.

லைஃப்டைம் ஆயில்ங்கிறத நான் ஏத்துக்கிடுறதில்ல. எங்க ஊரு வெயிலு, ஏத்தம், நெரிசலு எல்லாம் சேத்தா 60,000-ல மாத்துறதுதான் நல்லது. 1,10,000 ஓடுன வண்டில மெஷின் வச்சு அழுத்தி ஃப்ளஷ் பண்ணச் சொல்லாதீங்க, சும்மா வடிச்சு அதே கிரேடு ஆயில் ஊத்தட்டும், கொஞ்ச நாள் ஓட்டிட்டு திரும்ப ஒருதடவ வடிச்சு ஊத்தட்டும். ஃபில்டர் மாத்துற மாதிரி இருந்தா அதையும் மாத்திரணும்.

குவைத் குமரி:
ரொம்ப உபகாரம் அண்ணே. அப்பாவ இப்பவே விளிச்சு சொல்லிட்டேன். எறக்கத்துல கியர நியூட்ரல்ல (என்) போட்டு உருட்டுற பழக்கமும் அவங்களுக்கு உண்டு, டீசல் மிச்சம்னு.

கேப் ரோடு அண்ணாச்சி:
அத கண்டிப்பா நிறுத்தச் சொல்லுங்க. என்-ல உருட்டுனா இஞ்சின் பிடிக்காது, பாரம் முழுசும் பிரேக்குலதான். கோதையாறு ரோட்டுல எறங்கும்போ பிரேக்கு சூடாயி வேலை செய்யாம போச்சுன்னா அந்தப் பக்கம் பள்ளந்தான். எல் (கீழ் கியர்) அல்லது எம்-ல ரெண்டாவது கியர்ல வச்சு எறக்கணும்.

கருங்கல் டீச்சர்:
தக்கலை அண்ணே, பாத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி சுவருக்கு நேரா நிறுத்தி பையன சைடுல நிக்கவச்சு பிரேக்க மிதிச்சு மிதிச்சு விட்டேன். வேகமா விட்டா உடனே அணைஞ்சிருது. பையம்மா விட்டா காலு முழுசா எடுத்த பொறவும் செவப்பு அப்பிடியே நிக்குது, அம்மா இன்னும் எரியுது இன்னும் எரியுதுன்னு அவன் சத்தம் போடுதான். பெடல ஷூ நுனியால அடியிலேருந்து லேசா மேல தட்டுனா அணையுது. ஊருதான்னு கேட்டீங்களே, அந்த நேரத்துல வண்டி ஊரவே இல்ல.

தக்கலை மெக்கானிக்:
அப்போ அதேதான். சுவிட்ச மாத்துற வரைக்கும் அந்த வண்டிய மெயின் ரோட்டுக்கு எடுக்காதீங்க டீச்சர். பிக்கப் பிரச்சினை மட்டுமில்ல, பிரேக் லைட் எப்பவும் எரிஞ்சா பின்னாடி வாறவனுக்கு நீங்க எப்ப பிரேக் போடுறீங்கன்னே தெரியாது. சின்ன சாமான்தான், கிளட்ச் செட்டுக்கு சொன்ன தொகைக்கு பக்கத்துலகூட வராது. ஒரிஜினலே வாங்குங்க. மாட்டும்போ பெடல் முழுசா மேல வந்த நெலையில இடைவெளி சரியா வச்சு மாட்டணும், புதுசு மாட்டியும் அட்ஜஸ்ட் தப்புன்னா அதே தொல்லை வரும். பெடல் திரும்பி வர்றதுலயே எங்கயாவது பிடிக்குதான்னும் பாக்கச் சொல்லுங்க.

கருங்கல் டீச்சர்:
மாத்தியாச்சு. திங்கள்சந்தைலயே ஒரு வொர்க்‌ஷாப்ல செஞ்சாங்க. ஸ்கேனர் போட்டு எனக்கே காட்டுனாங்க, பழைய சுவிட்ச் இருக்கும்போ காலு எடுத்தாலும் பிரேக் ஆன்னே காட்டுது, புதுசு மாட்டுன பொறவு காலோட சேந்து மாறுது. இப்ப பிரேக்க விட்டதும் வண்டி ஊருது. டி போட்டு மிதிச்சா எடுக்குது. ஒண்ணுலேருந்து ரெண்டு மாறும்போ அந்த தலை ஆட்டம் இருக்கு, பைய போவோம் சொன்ன மாதிரி கால தூக்குனா கொறையுது.

கிளட்ச் லேர்னிங்னு ஒண்ணு செய்யட்டுமான்னு கேட்டாங்க. வேணுமா?

தக்கலை மெக்கானிக்:
செஞ்சுக்கிடுங்க, ஸ்கேனர் கையில இருக்குறவங்களுக்கு கொஞ்ச நேர வேலைதான். கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கிற இடம் மாறும், கம்ப்யூட்டர் பழைய இடத்தையே நெனச்சிட்டு இருந்தா கிளம்பும்போ லேட் ஆகும், இல்ல உதறும். லேர்னிங் பண்ணுனா புது இடத்த படிச்சுக்கிடும். அதுலயே கிளட்ச் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு ஒரு கணக்கும் சில வண்டில காட்டும், அத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. அடுத்த தடவ கிளட்ச் மாத்தணும்னு யாராவது சொன்னா அத காட்டி கேளுங்க.

ரப்பர்காடு:
அண்ணே, எனக்கும் அந்த லேர்னிங் செய்யணும் போல. ஏத்தத்துல கிளம்பும்போ உதறுது, சத்தமும் ஏறுது. சனிக்கிழமை தக்கலை வந்தா பாப்பீங்களா?

தக்கலை மெக்கானிக்:
சத்தம் ஏறுதுன்னா உங்களுக்கு கிளட்சையும் சேத்து பாக்கணும். காலைலயே வாங்க, குமாரகோவில் ஏத்தத்துல ஓட்டிப் பாத்துட்டு சொல்லுதேன். அதுவரைக்கும் ஏத்தத்துல ஹேண்ட்பிரேக்குலயே பிடிங்க.